மரவரியும் சுரண்டு தகடும்

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்வோர் பூமுகத்தில் நின்று தலையை அண்ணாந்து மேலே பார்க்கின்றனர். அங்கே மரவிதானத்தில் தொண்ணூறு பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. குழந்தைகள் அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் கணக்கைத் தவறவிடுகின்றனர். பிறகு குதிரை விளக்கு, சீன நாற்காலி, மூலிகை மரக் கட்டில் என்று கூட்டம் நகர்ந்துவிடுகிறது. உத்திரங்களின் விளிம்பிலும், கதவுநிலைகளின் ஓரத்திலும், பலகையும் சட்டமும் சேரும் இடங்களிலும் நெடுகிலும் ஓடும் மேடும் பள்ளமுமான வரிகளை எவரும் எண்ணுவதில்லை. பூவைப் பார்ப்பவர் அது தொடுக்கப்பட்டிருக்கும் நாரைப் பார்ப்பதில்லை அன்றோ! நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அந்த நாரைப் பற்றிய செய்தியே.

இத்தகைய விளிம்பு வேலையை இன்றைய ஆசாரிமார் ‘பீடிங்’ என்றும் ‘மோல்டிங்’ என்றும் அழைக்கின்றனர். நாம் அதனை மரவரி என்று சொல்வோம். ஒரு சட்டத்தின் ஓரத்தில் ஒரே வடிவம் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் ஓடினால் அது மரவரி. பூவேலைக்குக் கற்பனை வேண்டும்; வரிவேலைக்கு ஒழுங்கு வேண்டும். பத்தடி நீளச் சட்டத்தில் ஒரு நூல் அளவு பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கல்குளம் என வழங்கிய ஊருக்கு 1744-ஆம் ஆண்டில் பத்மநாபபுரம் எனப் பெயரிட்டவர் மார்த்தாண்டவர்மர். குளச்சல் கரையில் டச்சுக்காரர்களை அவர் வென்றது அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1741-இல். அரண்மனையின் பல பகுதிகள் அவர் காலத்தில் எழுந்தன அல்லது புதுப்பிக்கப்பட்டன. தாய்க்கொட்டாரம் என்னும் பகுதி அதற்கும் முற்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. நம் கருத்தில், அரண்மனை பிழைத்துக் கிடந்தமைக்கு அதுவே காரணம். மன்னர் தொடர்ந்து வாழ்ந்திருந்தால், காலத்துக்கு ஏற்ற நாகரிகம் என்று சொல்லி இடித்துக் கட்டியிருப்பார்கள். 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. தமிழ் மண்ணில் கேரளத்தின் பராமரிப்பில் ஒரு மரமாளிகை!

நாஞ்சில் நாடு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்காகப் பார்த்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்வெளியே நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் பழைய வேணாட்டைச் சேர்ந்தவை. ஆனால் தச்சருக்கு இந்த எல்லை கிடையாது. முழக்கோலும் உளியும் எடுத்துக்கொண்டு அழைத்த ஊருக்கெல்லாம் போனவர்கள் அவர்கள். கோட்டாறு இளங்கடையிலும் இடலாக்குடியிலும் திருவிதாங்கோட்டிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் குளச்சலிலும் நம் முன்னோர் கட்டிய வீடுகளுக்கு நிலையும் கதவும் மச்சும் செய்து தந்தவர்கள் அந்த ஆசாரிமாரே. தக்கலை என்றதும் நம் உள்ளம் முதலில் ஞானக்கவி பீர் முகம்மது அப்பாவிடம் செல்லும். நெசவைத் தொழிலாகக் கொண்டு ஞானத்தைப் பாடிய பெருந்தகை என்றே மரபு அவரைப் போற்றுகிறது. ரஜப் மாதத்தில் அவருடைய ஞானப்புகழ்ச்சி அங்கே இரவெல்லாம் ஓதப்படுவதை அன்பர்கள் அறிவார்கள். அவர் நெய்த தறியும் ஒரு தச்சனின் கைப்பட்ட பொருளாகத்தான் இருந்திருக்கும்.

இந்தப் பகுதியின் மரங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது தெரியாமல் வரிவேலை விளங்காது. திருவிதாங்கூர் அரசில் தேக்கும் ஈட்டியும் கருங்காலியும் சந்தனமும் அரசுக்கு உரிய மரங்கள். குடிமகனின் நிலத்தில் முளைத்தாலும் அவை மன்னருடையவை. ஆகவே எளிய குடும்பங்களின் வீடுகளுக்குக் கைகொடுத்தவை பலாவும் அயனியும். பலாமரம் அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகும். கறையான் எளிதில் நெருங்காது. ஆனால் அதன் நார் நேராக ஓடாது. ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்த நார், அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாயும். இழைப்புளியை ஓட்டினால் ஒரு விரற்கடை வழவழப்பாக வரும். அடுத்த விரற்கடையில் நார் பிய்ந்து சொரசொரப்பாகும். மரத்தோடு சண்டையிட முடியாது. அதற்கேற்ற கருவியைத்தான் தேட வேண்டும்.

மற்றொன்று மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் தொட்டுச் செல்லும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உண்டு பருக்கும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் விளையாட்டெல்லாம். அகலமான பலகையை நான்கு பக்கமும் ஆணியால் இறுக்கினால் அது வெடிக்கும். அதனால்தான் சட்டத்தில் பள்ளம் எடுத்து, பலகையை அதனுள் செருகி, அசைய இடம் விட்டுவைத்தனர். அப்படி விட்ட இடைவெளி கோடையில் கருங்கோடாகப் பல்லிளிக்கும். சட்டத்தின் விளிம்பில் ஒரு பள்ளமும் ஒரு மேடும் ஓட்டிவிட்டால் அந்த இடைவெளியும் பல நிழற்கோடுகளுள் ஒரு கோடாக மறைந்துவிடும். மேலும், கூரிய விளிம்பு கைபட்டும் கால்பட்டும் சிராய் கிளம்பும். உருட்டிய விளிம்பு நூறாண்டு தாங்கும். மரவரி அழகுக்காகப் பிறந்தது என்று எண்ணுவோர் பலர். அது முதலில் மழைக்கும் வெயிலுக்கும் சொன்ன பதில்; அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

வடிவங்களைப் பொறுத்தவரை, தச்சர் எதையும் வெறுங்கையால் தொடங்கவில்லை. கற்கோயிலின் அடித்தளத்தில் ஓடும் வரிகளுக்கு நம் சிற்ப மரபில் தனித்தனிப் பெயர்கள் உண்டு: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை, கபோதம். குமுதம் வட்டமாகவும் இருக்கும். மூன்று பட்டையாகவும் இருக்கும். கண்டம் கழுத்தைப் போல் உள்ளே ஒடுங்கும். பட்டிகை தட்டையாக முன்னே நீளும். ஒன்று புடைத்தால் அடுத்தது ஒடுங்க வேண்டும், ஒன்று வளைந்தால் அடுத்தது நேராக நிற்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். கல்லில் ஒரு முழ உயரத்தில் வந்த அதே வரிசை மரத்தில் ஒரு விரற்கடை அகலத்தில் சுருங்கி வரும்.

இங்கே நம் சமுதாயம் கவனிக்கத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கற்பள்ளிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: தூண்களும் போதிகைகளும் தளவரிகளும் பாண்டிநாட்டுக் கற்றச்சரின் மொழியிலேயே பேசுகின்றன. உருவங்கள் மட்டும் இல்லை. யாளி போயிற்று, பாவை போயிற்று. பூவும் கொடியும் வரியும் நின்றன. கோயிலில் தெய்வ உருவத்தைச் சுற்றி ஓடிய வரியே பள்ளியில் மிஹ்ராபைச் சுற்றி ஓடத் தடை ஏதுமில்லை. வரிக்கு மதம் இல்லை. அது எதையும் உருவகிப்பதில்லை. ஆகவே ஒரே ஆசாரி காலையில் கோயில் கதவுக்கும் மறுமாதம் மாதா கோவில் பீடத்துக்கும் அதற்கடுத்து நம் பள்ளியின் மிம்பருக்கும் வேலை செய்ய முடிந்தது. அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது உளியை அன்று. வடிவத்தின் தேர்வை மட்டுமே.

மேற்குக் கரையில் இதற்குச் சான்றுகள் மிகுதி. கோழிக்கோடு குற்றிச்சிறையிலுள்ள மிஸ்கால் பள்ளி, நாகூதா மிஸ்கால் என்னும் வணிகரின் பெயரால் வழங்குவது. 1510-இல் போர்த்துகீசியர் அதற்குத் தீயிட்டனர். மினாராவும் குவிமாடமும் இல்லாமல், அடுக்கடுக்கான சாய்கூரைகளோடு மரவேலையில் நிமிர்ந்து நிற்கும் பள்ளி அது. பொன்னானி ஜும்ஆ பள்ளியைக் கட்டிய தச்சரைப் பற்றியும் மலபாரில் ஒரு கதை வழங்குகிறது. கூரையின் உச்சியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அங்கிருந்தே கஅபா தெரிந்ததாம். அவர் இஸ்லாத்தைத் தழுவி ‘ஆசாரித் தங்ஙள்’ எனப் போற்றப்பட்டாராம். கதையின் வரலாற்றுத் தன்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. பள்ளி கட்டிய தச்சனுக்கு ஒரு சமூகம் தன் நினைவில் இடம் கொடுத்தது என்பதே நமக்கு முக்கியம். அவ்வாறு இடம் பெற்றவர்கள் மிகச் சிலர்.

இனி, வரியை வெட்டும் முறைக்கு வருவோம். வழிகள் மூன்று. முதலாவது உளி. நேர் உளியும் குழி உளியும் கொண்டு கொட்டாப்புளியால் தட்டித் தட்டி எடுப்பது. எங்கும் செல்லும், எந்த வளைவிலும் திரும்பும். ஆனால் நீண்ட வரியில் ஒழுங்கு காப்பது கைத்திறத்தின் உச்சம். இரண்டாவது, அடிப்பாகமும் அலகும் வரியின் வடிவத்துக்கே அமைந்த இழைப்புளி. நீண்ட சட்டங்களுக்கு இதனை வெல்ல ஒன்றில்லை. ஆயினும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இழைப்புளி தேவை. நேர்கோட்டில் மட்டுமே ஓடும். நார் எதிர்த்தால் பிய்க்கும். மூன்றாவதுதான் நம் கட்டுரையின் தலைமகன். ஆங்கிலேயத் தச்சர் அதனை ‘ஸ்கிராட்ச் ஸ்டாக்’ என்பர். சுரண்டுகட்டை என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம்.

பெயரைக் கேட்டுப் பெரிய பொறி என்று எண்ணிவிட வேண்டாம். உடைந்த ரம்பத்தின் ஒரு துண்டு, கைக்கடக்கமான ஒரு மரக்கட்டை, இரண்டு திருகாணி. இவ்வளவுதான். ரம்பத் துண்டின் ஓரத்தை வட்ட அரத்தாலும் முக்கோண அரத்தாலும் ராவி, வேண்டிய வரியின் எதிர்வடிவத்தை அதில் உண்டாக்க வேண்டும். மரத்தில் மேடு வேண்டுமானால் தகட்டில் பள்ளம். மரத்தில் பள்ளம் வேண்டுமானால் தகட்டில் மேடு. ராவும்போது அரத்தைத் தகட்டுக்குச் செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். அப்போதுதான் தகட்டின் இரு முகங்களிலும் கூர் நிற்கும், இரு திசையிலும் வேலை செய்யும். பிறகு தகட்டின் இரு முகங்களையும் சாணைக்கல்லில் படுக்கவைத்துத் தேய்த்துப் பிசிறு நீக்க வேண்டும். கட்டையில் ஒரு படி வெட்டி, அது சட்டத்தின் ஓரத்தில் அணைந்து ஓடுமாறு செய்ய வேண்டும். கட்டையின் நடுவே ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, அதில் தகட்டைச் செருகி, திருகாணியால் இறுக்கிவிட்டால் கருவி தயார். செய்து முடிக்க ஒரு பிற்பகல் போதும்.

பயன்படுத்துவதில்தான் பொறுமை வேண்டும். கட்டையின் அணைப்பு சட்டத்தின் ஓரத்தை விட்டு விலகவே கூடாது. முதல் ஓட்டங்கள் இறகால் வருடுவது போல இருக்க வேண்டும். கருவியைச் செல்லும் திசையில் சற்றே சாய்த்துத் தள்ள வேண்டும். அழுத்தினால் தகடு நடுங்கும். நடுக்கம் மரத்தில் அலையலையாகப் பதிந்துவிடும். அதன்பின் எத்தனை முறை ஓட்டினாலும் தகடு அந்த அலையின் மேலேயே ஏறி இறங்கும். தேர்ந்தவர்கள் சட்டத்தின் கடைசி முனையில் குறுகிய ஓட்டங்களாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி வந்து, கடைசியில் முழு நீளத்துக்கும் ஓட்டுவார்கள். மெல்லிய சுருளும் தூளுமாக மரம் உதிரும். தகட்டின் ஆழம் தீர்ந்ததும் கட்டையின் அடிப்பாகம் மரத்தில் படியும். அப்போது தகடு தானாகவே வெட்டுவதை நிறுத்திக்கொள்ளும். போதும் என்று கருவியே சொல்லும். வரி மூலைக்கு முன்பே நிற்க வேண்டிய இடத்தில் கருவி நுழையாது. அந்தக் கடைசி அங்குலத்தை உளிதான் முடிக்க வேண்டும். பெரிய வரிகளை ஒரே தகட்டால் எடுக்க முயல்வது அறியாமை. உளியாலும் இழைப்புளியாலும் முக்கால் பங்கு மரத்தைக் கழித்துவிட்டு, பகுதி பகுதியாகத் தகட்டை ஓட்டுவதே முறை. முடிவில் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகிடுவது உப்புத்தாளுக்கு முந்தைய காலத்து வழக்கம்.

மெதுவான வேலை என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதன் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. சுரண்டுவது வெட்டுவதன்று, ஆகவே பலா போன்ற எதிர்நார் மரத்திலும் ஈட்டி போன்ற கடுமரத்திலும் பிய்ப்பு இன்றி வரும். பஞ்சு போன்ற மென்மரத்தில்தான் இது தோற்கும், நாரை நசுக்கிவிடும். வளைந்த விளிம்பிலும் இது திரும்பும். அணைப்பின் முகத்தைச் சற்று உருட்டிவிட்டால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வடிவம் வேண்டுமோ அந்த வடிவத்தைத் தச்சனே உண்டாக்கிக்கொள்கிறான். கடைக்குப் போக வேண்டியதில்லை, கருமானுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உளிப்பிடியை மெருகேற்றக் கண்ணாடிச் சில்லால் சுரண்டும் ஆசாரிமாரை நம்மில் பலர் பார்த்திருப்போம். சுரண்டுவதன் பயனை அறிந்த கை அது. அந்தச் சில்லுக்கு ஒரு வடிவமும் ஓர் அணைப்பும் கொடுத்தால் அதுவே சுரண்டுகட்டை.

இத்தகைய கருவிக்கு வரலாறு எழுதுவது கடினம். அது செய்த வேலை முடிந்ததும் தகட்டை வேறு வடிவத்துக்கு ராவிவிடுவார்கள். கட்டை அடுப்புக்குப் போகும். அரும்பொருளகங்களில் தந்தப்பிடி உளிகள் இருக்கும், இது இராது. இங்கிலாந்தில் ஜோசப் மாக்சன் என்பவர் 1678 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட கைத்தொழில் நூலில் தச்சரின் கருவிகளை விளக்கினார். பிரான்சில் ஆந்திரே ரூபோ என்னும் தச்சர் 1769-இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலில் தம் தொழிலின் நுட்பங்களைப் படங்களோடு பதிந்துவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வரியிழைப்புளி செய்து விற்பதே தனித் தொழிலாகப் பெருகியது. வசதியுள்ள பட்டறைகளில் டஜன் கணக்கில் அவை அடுக்கிவைக்கப்பட்டன. அப்படியிருந்தும் சுரண்டுகட்டை ஒழியவில்லை. சிறு துண்டு, வளைந்த விளிம்பு, பிடிவாதமான மரம் என்று வந்தபோதெல்லாம் அங்குள்ளோரும் உடைந்த ரம்பத்தையே தேடினர். 1886-இல் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் அதையே இரும்பில் வார்த்து, 66-ஆம் எண் கருவியாகக் கடைக்குக் கொண்டுவந்தது. ஏழைத் தச்சன் இலவசமாகச் செய்துகொண்டதற்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது!

கருவிக்குப் பெயரில்லாதது போலவே கருவியைப் பிடித்த கைக்கும் பெரும்பாலும் பெயரில்லை. நம் மார்க்கத்தின் முதல் மிம்பரையே எடுத்துக்கொள்வோம். மதீனாவில் பேரீச்ச மரத்தின் அடிமரத்தில் சாய்ந்து நின்று உரையாற்றிவந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக, அன்சாரிப் பெண்மணி ஒருவரின் ஊழியரான தச்சர் அல்-காபா என்னுமிடத்து ‘அஸ்ல்’ மரத்தால் மிம்பர் செய்து தந்தார் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. மரத்தின் இனம் பதிவாகியிருக்கிறது. அது வந்த தோப்பு பதிவாகியிருக்கிறது. படிகளின் எண்ணிக்கையும் பதிவாகியிருக்கிறது. தச்சரின் பெயர் எது என்பதில் மட்டும் அறிவிப்பாளர்களிடையே பல கருத்துகள்.

மிம்பரின் வரலாறு ஒரு வகையில் மரவரியின் வரலாறும் ஆகும். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளியில் இருப்பதே இன்று எஞ்சியுள்ள மிம்பர்களில் மிகப் பழையது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 862 அளவில் அமைந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்குத் துண்டுகளால் ஆனது. மரம் எதுவென்று நினைக்கிறீர்கள்? நம் நாட்டுத் தேக்கு! கடல் கடந்து சென்ற அந்தத் தேக்கு, பதினொன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அங்கே நிற்கிறது. சட்டங்களுக்குள் சிறு சிறு பலகைகள் கோக்கப்பட்டிருப்பதே அதன் நீண்ட ஆயுளின் இரகசியம். பாலைக் காற்றின் வறட்சியில் ஒவ்வொரு துண்டும் தன்னளவில் சுருங்கும், மொத்தம் சிதையாது. நாஞ்சில் தச்சன் மழைக்காகச் செய்ததை அவர்கள் வெயிலுக்காகச் செய்தனர்.

மற்றொரு மிம்பர் நம் நெஞ்சைச் சுடுவது. பைத்துல் முகத்தஸ் மீட்கப்படும் என்ற நம்பிக்கையோடு, அது மீட்கப்படுவதற்கு முன்பே, நூருத்தீன் ஸங்கி ஹலப் நகரில் ஒரு மிம்பரைச் செய்யச் சொன்னார். 1168-ஆம் ஆண்டளவில் பணி தொடங்கிற்று. நூருத்தீன் 1174-இல் மறைந்தார். 1187-இல் ஜெருசலத்தை மீட்ட சலாஹுத்தீன் அய்யூபி அந்த மிம்பரைக் கொண்டுவந்து மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார். அதைச் செய்த ஹலப் தச்சர்கள் தம் பெயர்களை மரத்திலேயே பொறித்திருந்தனர். அரிதினும் அரிதான செயல் அது. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஒருவன் வைத்த தீயில் அந்த மிம்பர் எரிந்தது. கருகிய சில துண்டுகளே மிஞ்சின.

அதை மீண்டும் செய்ய வேண்டும் என்று ஜோர்டான் நாட்டில் முடிவாயிற்று. முடிவெடுப்பது எளிது, செய்வதற்கு ஆளும் அறிவும் எங்கே? பல்லாயிரம் துண்டுகள் ஆணியும் பசையுமின்றி ஒன்றையொன்று பிடித்துநிற்கும் வேலை. பழைய நிழற்படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் வைத்துக்கொண்டு வடிவக் கணக்கை முதலில் கண்டறிய வேண்டியிருந்தது. பல நாட்டுக் கைவினைஞரைத் திரட்ட வேண்டியிருந்தது. புதிய மிம்பர் அக்ஸாவில் நிறுவப்பட்டது 2007-இல். எரிந்ததற்கும் நிறுவியதற்கும் இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள். தீ சில மணி நேரத்தில் தின்றது மரத்தை மட்டுமன்று என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

அது எதிரியின் தீ. நம் ஊர்களிலோ தீ வைப்பார் எவருமில்லை. ஆயினும் மர மிம்பர்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. பள்ளியைப் பெரிதாக்குகிறோம், தொழுவோர் பெருகும்போது அது தேவைதான், நாம் அதைக் குறை கூற மாட்டோம். ஆனால் மூன்று தலைமுறை கண்ட மிம்பரில் ஒரு முழ நீளத்துக்கு விளிம்பு உடைந்துவிட்டது என்பதற்காக அதனை முழுவதும் கழித்துவிட்டுப் பளிங்கில் வைப்பது எவ்வகையில் நியாயம்? பழைய நிலைகளும் கதவுகளும் எடைக்கு விலை பேசப்பட்டு வண்டியேறுகின்றன. காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு, இடிபட்ட வீடுகளின் மரவேலை எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரிந்திருக்கும். வாங்குவோர் அதன் மதிப்பை அறிந்தே வாங்குகின்றனர். விற்பவருக்குத்தான் அது பழைய மரம்.

ஜமாஅத்துக் கூட்டங்களில் இதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: “அந்த மாதிரி வேலை செய்ய இப்போது ஆள் இல்லை.” பாதி உண்மை இது. இன்று மின்சாரத்தில் சுழலும் ‘ரூட்டர்’ எந்திரம் சிற்றூர்ப் பட்டறையிலும் இருக்கிறது. ஒரு நாள் வேலையைப் பத்து நிமிடத்தில் முடிக்கும். அதைப் பழிப்பது பேதைமை. ஆயினும் எந்திரத்தின் முனையில் மாட்டும் அலகுகள் தொழிற்சாலையில் சில குறிப்பிட்ட வடிவங்களில் வருபவை. பெரும்பாலும் வட்டத்தின் துண்டுகள், அளந்த வளைவுகள். பழைய ஆசாரியின் வரியோ கண்ணளவில் வரைந்து, அரத்தால் ராவி, மரத்தில் பார்த்துத் திருத்தியது. அதன் வளைவு எந்த வட்டத்திலும் அடங்காது. எந்திர அலகால் வெட்டிய துண்டைப் பழைய மிம்பரின் விளிம்பில் பொருத்தினால், ஒட்டுப்போட்ட சட்டையைப் போல் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு முழ நீளத்துக்காகத் தனி அலகு வார்க்கச் சொன்னால் செலவு தாங்காது. அப்போதுதான் அந்த உடைந்த ரம்பத் துண்டு நினைவுக்கு வர வேண்டும்.

செய்யவேண்டியது இவ்வளவே. உடைந்த வரியின் நல்ல பகுதியில் ஈரக் களிமண்ணையோ மெழுகையோ அழுத்தி அச்செடுக்கலாம். மரத்தில் ஒட்டாதிருக்க இடையில் மெல்லிய தாளை வைத்துக்கொள்ள வேண்டும். கழன்றுவிட்ட துண்டு இருந்தால் இன்னும் எளிது. அதன் முனையை நேராக அறுத்து, வெட்டுமுகத்தைத் தகட்டின்மேல் வைத்து ஊசியால் கோடு கீறிக்கொள்ளலாம். பழைய வண்ணப்பூச்சு தடிப்பாகப் படிந்திருந்தால் முதலில் அதைச் சுரண்டி நீக்காமல் அச்செடுக்கக் கூடாது. வண்ணத்தின் வடிவம்தான் கிடைக்கும், ஆசாரியின் வடிவம் கிடைக்காது. தகட்டை ராவிய பின் பழைய வரியின்மேலேயே மெல்ல ஓட்டிப் பார்த்தால், எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்பது விரலுக்குத் தெரியும். புதிய துண்டுக்கு அதே இன மரமே வேண்டும். பலாவுக்குப் பலா, தேக்குக்குத் தேக்கு. பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்கிய முற்றிய மரமாயின் மேலும் நன்று. அது சுருங்குவதையெல்லாம் முன்பே சுருங்கி முடித்திருக்கும்.

வரியை விளக்கின் ஒளியில் பக்கவாட்டில் பார்த்தால் எந்தக் கருவி அதனை வெட்டிற்று என்பதையும் ஓரளவு படித்துவிடலாம். உளி சென்ற இடத்தில் சிறு சிறு முகங்கள் மின்னும். இழைப்புளி சென்ற இடம் ஒரே சீராக இருக்கும். நார் எதிர்த்த இடத்தில் மட்டும் பிய்ப்பு காணும். சுரண்டிய வரியிலோ மயிரிழை போன்ற இணைகோடுகள் நெடுக ஓடும். அங்கங்கே கை தயங்கிய மெல்லிய அலையும் இருக்கும். பெயர் எழுதாத ஆசாரியின் கையெழுத்து அது. அடுத்த முறை பத்மநாபபுரத்துக்குக் குழந்தைகளோடு செல்பவர்கள் தொண்ணூறு பூக்களையும் எண்ணி முடித்த பிறகு, கதவுநிலையின் ஓரமாகக் குனிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் சற்று நின்று பார்க்கலாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.